மூன்றாவது துளை

"நீங்க போட்டதுதானே குமரவேலு,
நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.
லைசென்ஸுக்குக் கேக்குறாங்க."
கோட்டையூர் மேலத்தெரு.
சோலையப்பன் காபியோடு நிற்கிறார்.
தங்க வருகிறவர்களுக்கு முதலில்
முகப்பைக் காட்டுவாராம்,
அடுத்து என் போர்டை.

முட்டை வெள்ளை பூசிய சுவரில்
ஒரு மயிரிழை தெரியாமல் பதிந்த பிளேட்டுகள்.
திருகுகளின் வெட்டு எல்லாம் நிமிர்ந்து ஒரே வாக்கில்.
தேக்கு உத்தரத்தை ஒட்டிப் போகும் பட்டையை
உத்தரம் என்றே நினைப்பீர்கள்.
பதினோரு வருஷத்தில் ஒன்றுகூடப் பல்லிளிக்கவில்லை.
இந்த வீட்டைக் காட்டி எனக்கு
ஏழு வீடு கிடைத்தது.

பின்கட்டில் ராக்கு
குளியலறை கழுவிக்கொண்டிருக்கிறாள்.
"அந்தக் குழாயி கடிக்குதுங்க" என்கிறாள்.
யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை,
விளக்குமாற்றிடம் சொல்வது போல.
சோலையப்பன் சிரிக்கிறார்:
"மூணு மாசமா இதே பாட்டு.
எனக்கு ஒருநாளும் கடிக்கலையே."

அவர் காலில் ரப்பர் செருப்பு.
அவள் காலில் தண்ணீர்.

டெஸ்டரைக் குழாயில் வைக்கிறேன்.
மங்கலாக,
விடிகிற நேரத்து மின்மினி மாதிரி
ஒரு சிவப்பு.

இனி பிளேட்டைக் கழற்ற வேண்டும்.
உள்ளே என்ன இருக்கிறது என்று
எனக்குக் கழற்றாமலே தெரியும்.

அது மணிவிழாவுக்கு முந்தின ராத்திரி.
பந்தல்காரன் லைட் கேட்டுக் கத்துகிறான்,
பச்சை வயர் தீர்ந்துவிட்டது,
காரைக்குடியில் கடை சாத்தியாச்சு.
நாளைக்கு வந்து இழுத்துக்கலாம் என்று
மூன்று அங்குலத் துண்டைச் சாக்கெட்டில் முறுக்கி,
வெற்றிலை மடிப்பது போல மடித்து,
டை போட்டு, வால் நறுக்கி,
பெட்டிக்குள் தள்ளி மூடினேன்.
நாளைக்குச் சாப்பாடு நடந்தது.
மறுநாள் பணம் கொடுத்தார்கள், வேட்டி துண்டோடு.

இதோ, அப்படியே இருக்கிறது.
தூசிகூட இல்லை.
ஒரு முனை மூன்றாவது துளையில்.
மறுமுனை எங்கும் இல்லை.

கொல்லையில் எர்த் குழி,
பச்சை பெயிண்ட் அடித்த மூடி.
தூக்கினால் செம்புறைக்கல் மண்,
பானை ஓடு மாதிரிக் காய்ந்து.
உப்பும் கரியும் போட்டதாகத்தான் பில்லில் இருக்கும்.
எழுதியது நான்.

"பிரேக்கர் இருக்குல்ல? விழுந்துடுமே?"
இருபது ஆம்பியர் தாண்டினால் விழும் ஐயா.
ஒரு மனுஷி சாக அவ்வளவு வேண்டாம்.

காபி ஆறிப்போனது.
அவர் குரலைத் தாழ்த்தினார்:
"நாலு பேர் மதுரையில இறங்கிட்டாங்க.
இன்னைக்கு மட்டும் கையெழுத்தைப் போடுங்க.
வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியலையே."

தெரியாதுதான்.
தெரியாதபடி செய்யத்தான் எனக்குக் கூலி.

கீசர் வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.
வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னேன்.
பிறகு மூன்று நாள்:
குழி தோண்டி, தகடு இறக்கி, தண்ணீர் ஊற்றி,
கசிவு பட்டதும் விழுகிற பிரேக்கர் ஒன்று மாட்டி.
சுவரை வெட்ட அவர் விடவில்லை.
எனவே பச்சை வயர் வெளியிலேயே ஓடியது,
நிலைக்கு மேலே ஏறி, கொஞ்சம் கோணி,
முட்டை வெள்ளை மினுமினுப்பைக் குறுக்காகக் கீறி.
கூலி வாங்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ராக்கு ஈரக் காலோடு வந்தாள்.
குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்
நிறுத்தினாள்.
என்னைப் பார்த்தாள்.
முதலில் நீ தொடு என்கிற பார்வை.

செருப்பைக் கழற்றினேன்.

வாசலில் சோலையப்பன் யாரிடமோ போனில்:
"ஆமா, ஒரு வயர்தான், அசிங்கமா.
மேல ஒரு படம் மாட்டி மறைச்சிரலாம்."