முக்கால் மா வெயில்

தலைஞாயிறு என்று பேர்.
தண்ணீர் வருவதோ எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு.
மேட்டூரில் திறந்தது
இங்கே வந்து சேரும்போது
ஆறு என்று சொல்ல வாய் கூசும்.

பாலிடெக்னிக்கின் பின்கட்டில்,
பழைய பிரிண்டர்கள் அடுக்கிய அறையில்
நான் செல் பார்க்கிறேன்,
வியாழனுக்குப் போகப்போகும் கலத்தின் இறக்கைக்கு.
உள்ளங்கையளவு கருநீலத் தகடுகள்,
நாற்பத்தொன்று.

நம் தலையில் விழுவது ஒரு வேலி வெயில் என்றால்
அங்கே போய்ச் சேர்வது முக்கால் மா.
சனிக்குக் கால் மாவும் தேறாது.
கணக்கை இப்படியே எழுதிப் பெங்களூருக்கு அனுப்பினேன்.
தசமத்தில் கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

குளிருக்கு நைட்ரஜன்
கால்நடை மருந்தகத்திலிருந்து.
கூத்தாநல்லூர் மெகருன்னிசா
ஸ்கூட்டரின் காலடியில் கேனை நிறுத்திக் கொண்டுவருவாள்.
"காளை ஊசிக்கு ரெண்டு லிட்டராவது மிச்சம் வை,
உன் வியாழன் கன்னு போடாது."

வெண்புகை வழிய, மைனஸ் நூற்று நாற்பது.
விளக்கைக் குறைக்கிறேன்.
முழு வெயிலில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல் நின்றவை
இப்போதுதான் குணம் காட்டுகின்றன.

வரப்பில் நண்டுவளை இருக்கும்.
வாய்க்கால் ததும்பும்போது யார் பார்த்தார்?
முறைத்தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய அன்று
மொத்தத்தையும் அந்த ஒரு வளை குடித்துவிடும்.
செல்லுக்குள்ளும் அப்படியொரு வளை,
கண்ணுக்குத் தெரியாத கசிவு.
பதினேழாம் நம்பரில் இருந்தது.
இருபத்திரண்டில் இருந்தது.
முப்பதில் இல்லை.
முப்பதை இன்னொரு தடவை பார்த்தேன், நம்பாமல்.

தேறியது ஒன்பது.

ஐப்பசியில் ஒருநாள் கரண்ட் போனது. அடைமழை.
சும்மா இருக்கமாட்டாமல்
மீட்டரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
முள் ஆடி, நின்ற இடம்
முக்கால் மா.

அங்கே இருட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்.
ஊசியில் நூல் கோக்கலாம்.
எதிர்வயலில் ஆறு பேர்
யூரியா சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு
குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள்,
வியாழனின் உச்சிப்பொழுதில்.
ஒருத்தி நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து,
என்ன என்பதுபோல் தலையை ஆட்டினாள்.
ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

கழித்த முப்பத்திரண்டும் டப்பாவில் கிடக்கின்றன.
பழுது என்று சீட்டு ஒட்ட மனசு வரவில்லை.
சித்திரை வெயிலில்
அவற்றுக்கு ஒரு குறையும் கிடையாது.