வேலிக்காவல்

பாகம் எண் நாற்பத்தேழு, வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு:
ஹேவர்டு.
இருநூற்றுப் பதின்மூன்றில் ஹெவார்ட்.
ஒரே கதவு எண். அண்ணனும் தங்கையும்.
மூன்று பக்கம் தள்ளி, கொட்டச்சேடு போகிற வழியில்,
தந்தை பெயர் என்ற இடத்தில்
ஏவாடு.
பிழை என்று சிவப்பு மையில் வட்டமிட்டேன்,
அடிவாரத்தில் முதல் பஸ் நின்றிருந்தபோதே.

டெல்ஃபின் ஹேவர்டுக்கு எழுபத்தொன்பது.
பள்ளி விடுதியில் முப்பது வருடம்
பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தவர்.
கதவைத் திறந்ததும் கேட்டார்:
"அண்ணன் பேரை எடுத்தீங்களா இல்லையா?
செத்து மூணு எலெக்‌ஷன் ஆச்சு."
இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றேன்.
"கல்லறையைக் காட்டட்டுமா?"

பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
பெர்த்திலிருந்து அண்ணன் மகன் அனுப்பியது.
அந்தக் காலத்து இங்கிலீஷில்
அது ஓர் உத்தியோகத்தின் பெயராம்.
ஊர்ப் பொதுவேலியைக் காப்பவன்.
கதிர் அறுக்கும் வரை மாடு இறங்காமல் பார்ப்பவன்,
இறங்கினால் கொம்பு ஊதி
ஓட்டிப் போய்ப் பட்டியில் அடைப்பவன்.
"நம்ம முனிசிபாலிட்டி பவுண்டுக்காரர்" என்றேன்.
சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தாத்தா கேட்டிருந்தா
உங்க மேல நாயை விட்டிருப்பார்."

ஊருக்கு ஒரு வேலி இருந்ததால்
ஊருக்கு ஒரு ஹேவர்டு, உறவே இல்லாமல்.
இன்றைக்கு அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களாம்:
பல் டாக்டர், லாரி டிரைவர், வக்கீல்.
வேலிக்கு மட்டும் ஆள் இல்லை.
"இந்த மலையில எத்தனை பேர், பார்த்துச் சொல்லுங்க."
ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்.
இரண்டு. அதில் ஒருவர் நீங்கள் எடுக்கச் சொல்பவர்.

கொட்டச்சேட்டு வழியில் மிளகுக்கொடிக்கு ஏணி சாத்தியிருந்தார்
வெள்ளையன். இறங்கவில்லை. மேலிருந்தே பேசினார்.
"எங்கப்பா சடையன் டீச்சர்.
ஏவாடு தொர காட்டுல வேலிக்காரரு.
முள்ளு கட்டுவாரு. ராத்திரி காட்டெரும வந்தா தகரம் தட்டுவாரு.
எந்தச் சடையன்னா, ஏவாட்டுச் சடையன்.
எழுத வந்தவரு பாதியோட நிறுத்திட்டாரு."
அந்தப் பாதிதான் ரேஷன் கார்டில், சாதிச் சான்றில்,
தம்பிக்கும் தங்கைக்கும்.
பள்ளிக்கூடத்தில் ஆடு, ஆடு என்று மேய்த்தார்களாம்
இவர் ஐந்தாவதோடு நிற்கும் வரை.
ஓசூர் கம்பெனியில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
கூடச் சேர்ந்த பையன்கள்
அப்பா பெயரா, ஊரா, வெறும் புள்ளியா என்று தவித்திருக்க
இவர் மகன் யோசிக்காமல் எழுதினானாம்
ஏவாடு என்று.

எனக்கும்தான் குடும்பப் பெயர் கிடையாது.
முன்னால் ஒரு மு, அதற்கு ஒரு புள்ளி.

அந்தத் துரை ஒரு ராத்திரிகூட வேலி காத்ததில்லை.
வேலி போட்டான்.
போட்டபோது இவர்கள் சாமை விதைத்த சரிவும்
உள்ளே போய்விட்டது.
காவிரிக் கரையில் எத்தனை வேலி என்று கேட்டால்
எவ்வளவு நிலம் என்று பொருள்.
அந்தக் கணக்கில் அவனுக்கும் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.
ஆனால் தகரம் தட்டியது சடையன்.

திருத்தப் படிவத்தை நீட்டினேன். சடையன் என்று மாற்றலாம்.
வெள்ளையன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு
மறு கையில் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து,
திருப்பிக் கொடுத்தார்.
"ஒண்ண மாத்துனா எல்லாத்தையும் மாத்தணும்.
அப்பா பேரு எனக்குத் தெரியும்ல."

கடைசி பஸ். பதின்மூன்றாம் கொண்டை ஊசி.
விளக்கு வெளிச்சத்தில் நடுரோட்டில் காட்டெருமை,
முழங்கால் வரை வெள்ளை,
கொம்பில் அறுந்த கம்பித் துண்டு.
டிரைவர் ஆரன் அடித்தார். கண்டக்டர் இறங்காமல் விசில் ஊதினார்.
யாரும் பேசவில்லை.
அது எங்களைப் பார்த்தபடி அசைபோட்டது.
மடியில் பட்டியலை விரித்து
சிவப்பு வட்டத்தின் பக்கத்தில்
'சரி' என்று எழுதினேன்.