முறை

ஓல்டனில் எங்கள் கட்டடத்துக்கு எட்டு வீடு,
நிலக்கீழறையில் இரண்டு சலவை இயந்திரம்,
ஒரே ஒரு சாவி.
செவ்வாய் காலை என் முறை,
பன்னிரண்டுக்குப் பிறகு
மூன்றாம் மாடிக் குகநேசனின் முறை.
சாவி கைமாறும் அந்த நேரத்தில்
தொடங்கியது.

தொடங்கியது என்றதும்
நீங்கள் நினைப்பது அல்ல.
வடியில் சேர்ந்த பஞ்சைத் துடைக்காமல் போயிருந்தேன்.
அதைச் சொல்லத்தான் வாய் திறந்தார்.
தங்கச்சி என்று தொடங்கவில்லை,
அக்கா என்றும் இல்லை.
"சுகிர்தா, வடியிலை பஞ்சு கிடக்கு."
வெறும் பெயர் சொல்லி
ஓர் ஆண் என்னைக் கூப்பிட்டு
எத்தனை வருடம்.

பிறகு பதினொரு வருடச் செவ்வாய்கள்.
கவிழ்த்த கூடைகளில் இருந்துகொண்டு
சுழலும் கண்ணாடிக்கு முன் கதைத்தோம்:
ஆரே ஆறு குளிக்கிற பதத்துக்கு வந்துவிட்டதா,
ரயில் பட்டறையில் அவருடைய மேலாளின் பெருமூச்சுகள்,
மகள் என்று நம்பி என் கையைப் பிடித்தபடி
முதியோர் இல்லத்தில் செத்துப்போன மையர் அம்மா,
கடவுள், ஓர் அரை மணி நேரம்,
கத்தரிக்காய் விலை, அதைவிடக் கூட.
ஒருமுறை அழுதார்.
உலர்த்தியிலிருந்து எடுத்த துவாயை
சூடாகவே நீட்டினேன்.
முதுகைத் தடவவில்லை.
தடவியிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

சனம் விடுமா.
தேரன்று, தண்ணீர்ப் பந்தலடியில் ஒருத்தி:
"அவர் உங்களுக்கு என்ன முறை?"
"எனக்கு அடுத்த முறை" என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
மாமன், மச்சான், சகலன், சம்பந்தி,
எவ்வளவு தைத்து வைத்திருக்கிறோம்!
ஒன்றும் இவருக்கு அளவில்லை.

"அண்ணா எண்டு கூப்பிடன், கதை முடிஞ்சுது"
என்றாள் தங்கை.
முடிந்துவிடும், உண்மைதான்.
எனக்கு இரண்டு அண்ணன்மார்.
அவர்களோடு நான் இப்படிச் சிரித்ததே இல்லை.

என் கணவரும் கேட்டார், ஒரே ஒரு தரம்,
இரவு வேலைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டே.
பதிலைவிட
பதில் வந்த வேகம் போதுமாயிருந்தது அவருக்கு.
மற்றக் காலையும் மாட்டிக்கொண்டு போனார்.

ஜெர்மனும் கை கொடுக்கவில்லை.
"மைன் ஃப்ராய்ன்ட்" என்றால் காதலனாம்.
"கொலேக்" என்பார்கள் இந்த ஊரில்;
எனக்கதில் வேலைத்தளத்து வாடை.
கூட்டாளி நல்ல சொல்.
பெண் வாயில் வரும்போது மட்டும்
ஒரு கண்சிமிட்டல்
எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது அதில்.

மார்ச்சில் அவர் இதயத்துக்குக் குழாய் வைத்தார்கள்.
தாதி படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
அவசரத்துக்கு அழைக்க: என் பெயர், என் இலக்கம்.
உறவுமுறை என்ற கோட்டில்
ஜெர்மனில், அவருடைய கோணல் எழுத்தில்
செவ்வாய்க்கிழமை.

"இது உறவில்லையே" என்றாள்.
பேனாவை வாங்கினேன்,
வெட்டிவிட்டு வேறேதும் எழுதத்தான்.
பக்கத்தில் எழுதிக் கொடுத்தது:
பன்னிரண்டு மணி.

இன்றைக்கு இரண்டு முறையும் எனக்கே.
அவருடைய சட்டைகளை நாற்பதில் போட்டேன்,
முப்பதா என்று கேட்டிருக்க வேண்டும்.
நீலக்கோடு சுருங்கிவிட்டது.
வடியை இரண்டு தரம் துடைத்தேன்.
வந்து பார்த்து ஏசுவார்.
வந்து ஏசட்டும்.