குழாய் பிடிப்பவள்

அக்டோபரோடு திராட்சை அறுப்பு முடியும்.
நவம்பரில் எங்கள் வாசலில் வரிசை தொடங்கும்.
தெலாவி மருத்துவமனை, இரண்டாம் மாடி, கடைசி அறை.
எண்டோஸ்கோப்பிக் குழாயைப் பிடிப்பது என் வேலை.
ஊரில் யார் பேரைச் சொன்னாலும்
முகத்துக்கு முன்னால்
அவர் இரைப்பைதான் எனக்கு ஞாபகம் வரும்.

தபால்காரருடையது வெளிர் ரோஜா, வம்பில்லாதது.
பள்ளி ஆய்வாளருடையது நனைந்த செங்கல்.
பாதிரியாருடையதைப் பற்றி
நான் வாய் திறக்க மாட்டேன்.

இன்று நுக்ஸார்.
முப்பத்தெட்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கின்
விருந்துகளுக்கெல்லாம் அவர்தான் தமதா,
மேசைத் தலைமாட்டில் நின்று வாழ்த்துச் சொல்பவர்.
சொல்லி முடித்ததும் கொம்பைக் கவிழ்க்க வேண்டும்.
ஒரு சொட்டு மிஞ்சினாலும்
வாழ்த்தப்பட்டவருக்குக் குறை.
என் கல்யாணத்துக்கும் அவர்தான்.
எங்கள் பேரில் மட்டும் முக்கால் லிட்டர் குடித்தார்.
கல்யாணம் நிலைக்கவில்லை.
அது அவர் குற்றமில்லை.

"கொஞ்சம் வாயு" என்றார்.
மற்றதெல்லாம் மனைவி த்ஸியாலா சொன்னாள்,
விரல் மடக்கி, சந்தைக் கணக்குப் போல:
பல் துலக்கும்போதே குமட்டல்.
நடுநிசியில் தொண்டை வரை ஏறிவரும் புளிப்பு.
இரண்டு தலையணை அடுக்கி உட்கார்ந்தபடி தூக்கம்.
விருந்துக்கு மறுநாள்
கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடை, பதினோரு தடவை.
வால்நட் விழுது மணந்தால் ஓங்கரிப்பு.
போன வாரம் வாந்தியில் காப்பித்தூள் மாதிரி ஏதோ.
"அதை ஏன் சொல்கிறாய்?" என்றார் அவர்.

வாயில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கவைத்தேன்.
நுக்ஸார் பேசாமல் இருந்து
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
இடப்பக்கம் ஒருக்களித்து, கண்ணோரம் நீர் வழிய,
என் மணிக்கட்டைப் பற்றியிருந்தார்.

திரையில் மடிப்பு மடிப்பாய்ச் சிவப்பு.
குழாய் தொட்ட இடமெல்லாம் கசிவு.
கடைசி வளைவில் ஒரு குழி,
அதன் அடியில் வெண்படிவு.
டாக்டர் லமாரா "ம்" என்றாள்.
அவளுடைய "ம்"கள் எனக்குப் பழக்கம்.
இது நீளமானது.

சமாதானத்துக்குக் குடித்தது,
மாண்டவர்களுக்குக் குடித்தது,
பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய
பழைய டிராக்டருக்குக் குடித்தது,
உள்ளே எல்லாம் ஒரே நிறம்.

"இனி எப்போது குடிக்கலாம்?"
"இனி இல்லை."
அவர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டார்.
"ஞாயிற்றுக்கிழமை
தங்கை மகளுக்குக் கல்யாணம்."

மணப்பெண் எங்கள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.
அதனால் நானும் போயிருந்தேன்.
கொம்பு நிறைந்தது. நுக்ஸார் எழுந்தார்.
பேசினார்.
மணமக்களில் தொடங்கி அவர்களுடைய தாத்தாக்களுக்குப் போய்,
அங்கிருந்து அலசானி ஆற்றுக்கு,
ஆற்றிலிருந்து ஆலங்கட்டி மழை பெய்த வருடத்துக்கு.
முடிக்கவில்லை.
முடித்தால் குடிக்க வேண்டுமே.
ஆட்டுக்கறி ஆறி நெய் உறைந்தது.
குழந்தைகள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்கள்.
ஒருவன் கோப்பையைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டான்.
கொம்புக்கு அடிப்பாகம் கிடையாது,
கீழே வைக்க முடியாது.
அவர் கை மெல்ல நடுங்கத் தொடங்கியது.

ஒரு கட்டத்தில் செத்தவர்களும் தீர்ந்துபோனார்கள்.
அப்போது என்னைப் பார்த்தார்.
"அலவெர்தி" என்றார், "எதேரிக்கு."
வாழ்த்தை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் சொல்.
பெண்ணிடம் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.
மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது.

வாங்கினேன். கனமாக இருந்தது.
"யாரும் பார்க்காத இடங்களுக்கு" என்றேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.
சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்,
என்ன புரிந்துகொண்டாரோ.
த்ஸியாலா மட்டும்
வயிற்றில் பால் வார்த்ததுபோல் மூச்சு விட்டாள்.

கவிழ்த்தேன், ஒரு சொட்டு மிஞ்சாமல்.
ஒயின் அருமையாக இருந்தது.
அதுதான் கொடுமை.

இரவு மூன்று மணி.
தலையணைகளை
இரண்டாக அடுக்கினேன்.