பதினைந்து பைட்

புளியரை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
லாரி ஏறும், எண் ஆடி நிற்கும், சீட்டைக் கிழிப்பேன்.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
சர்வர் எழுதிப் பழகுகிறேன்.
எடையெல்லாம் பிறகு சொல்லட்டும்,
போனில் தட்டுகிறவர்களுக்கு முதலில்
நன்றி என்ற ஒரு சொல் போதும்.

சி-யில் தொடங்கினேன்.
சாக்கெட்டைத் திற, வாசலில் கட்டு, காது கொடு.
எட்டாயிரத்து எண்பதாம் வாசலில் உட்கார்ந்தால்
ஈ காக்கை இல்லை.
மலை வெளுக்கிற நேரத்தில்தான் புரிந்தது,
எண்ணைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன்.
என் எந்திரம் வாலிலிருந்து எழுதுகிறது,
வலை தலையிலிருந்து படிக்கிறது.
முப்பத்தாறாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்தாம் வாசலில்
இரவு முழுக்க
கடை திறந்தே கிடந்திருக்கிறது.

திருத்தினேன்.
பதிலுக்கு முன்னால் பதிலின் நீளம் சொல்ல வேண்டும்.
ந, ன், றி.
விரல்விட்டு எண்ணி, மூன்று என்று எழுதினேன்.

நேந்திரங்காய் ஏற்றிவந்த பிஜுமோன்
போனைத் திருப்பிக் காட்டினார்.
திரையில் தன்னந்தனியாக ஒரு ‘ந’.
“முதலாளியோட இனிஷியல் ஆணோ?”
முதலாளி பெயர் நல்லபெருமாள்.
ஆமாம் என்றுவிட்டேன்.

மறுநாள் பைத்தான், பத்துப் பன்னிரண்டு வரி.
நீளத்தை அதனிடமே கேட்டேன்: ஐந்து.
புள்ளியும் கொக்கியும் அதற்குத் தனித்தனி ஆட்கள்.
இப்போது ஒரு ‘ந’, பக்கத்தில்
கறுப்பு வைரம், வைரத்தின் வயிற்றில் கேள்விக்குறி.

கோ கிளம்பவே இல்லை.
வாசலில் ஆள் இருக்கிறதாம்.
நேற்று நான் நிறுத்த மறந்த பைத்தான்,
யாராவது தட்டுவார்களா என்று
இன்னும் காது கொடுத்தபடி.
கொல் என்பதுதான் அதற்கான கட்டளை.
கொஞ்சம் யோசித்துவிட்டே அடித்தேன்.

பிறகு கேட்டேன். பதினைந்து என்றது கோ.
ரஸ்டும் பதினைந்துதான்,
அதற்கு முன் பதினோரு பிழை சொல்லிவிட்டு.

எனக்கே சிரிப்பு.
எத்தனை தார் என்று எந்த லாரியிடமாவது
நான் கேட்டதுண்டா?
மேடையில் ஏற்று என்பேன், அவ்வளவுதான்.
சொல்லை மட்டும் எதற்குத்
தலை எண்ணிக்கொண்டிருந்தேன்?

வியாழக்கிழமை பிஜுமோன் காலி வண்டியோடு திரும்பினார்.
எழுத்துக்கூட்டிப் படித்தார்: ந…ன்…றி.
“நம்மட பாஷையிலும் ஒந்நு போடணும்” என்று
அவரே தட்டித் தந்தார்.
நந்தி என்றே என் காதில் விழுந்தது,
கோயில் வாசலில் படுத்திருக்கிற காளை.
அதையும் மேடையில் ஏற்றினேன்.
பதினைந்து.

“அவிடயும் இவிடயும் ஒரே தூக்கம்” என்றார்.
தூக்கம் என்றால் அவர் ஊரில் எடை.
எனக்கோ நிஜமாகவே கண் சொருகியது.
பின்னால் வைக்கோல் லாரி ஹாரன் அடித்தது,
டார்ச்சை ஆட்டி ஏறச் சொன்னேன்.