மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம்

பேஜாவில் ஜூலை. நிழலில் நாற்பத்திரண்டு.
தெருவில் நாய்கூட இல்லை.
என் பை முழுக்க நாடாக்கள், படிவங்கள்,
பதில் தெரிந்த கேள்விகள்.

செனோர் டெல்ஃபிம், எண்பத்தாறு.
கதவைத் திறக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை
மனதில் குறித்தேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

'எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?'
'ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு மில்லி.'

இரண்டு லிட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள்.
இவர் பொய்யைக்கூட அளந்து ஊற்றுகிறார்.
முப்பத்தெட்டு வருடம் நகராட்சிக்காகத்
தண்ணீர் மீட்டர் பார்த்தவர்.
குழந்தை பிறந்த வீட்டை அந்த மாதமே கண்டுபிடிப்பாராம்,
பிரியப்போகும் தம்பதியை அவர்களுக்கும் முன்னால்.
எண்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.
எனக்கே தண்ணி காட்டுகிறார்.

'மூன்று மாதத்தில் பசி குறைந்ததா?'
'ஞாபகமில்லை.'

புறங்கையை நான் கிள்ளிப் பார்க்கவில்லை.
இந்த வயதில் தோல் கூடாரம்போல் நிற்கும்,
குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும்.
நாக்கை நீட்டச் சொன்னேன்:
நடுவில் ஒரு பிளவு, ஓரமெல்லாம் வெள்ளை.
அக்குளில் ஈரமே இல்லை, இந்த வெயிலில்.
உட்கார்ந்தபோது ரத்த அழுத்தம் நூற்று முப்பத்திரண்டு.
எழுந்ததும் நூற்று நான்கு,
மேசை விளிம்பைத் தேடின விரல்கள்.
கெண்டைக்காலைச் சுற்றி நாடா:
இருபத்தெட்டரை.
முப்பத்தொன்றாவது வேண்டும் என்று நான் சொல்லவில்லை.
இடுப்பு வாரில் புதிதாக ஒரு துளை,
ஆணியால் போட்டது. கடைக்காரன் போட்டவை வட்டம்,
இது கிழிசல்.

பல்செட் ஒரு தம்ளரில் மூழ்கிக் கிடந்தது.
அந்த வீட்டில் போதுமான தண்ணீர் கிடைத்தது
அதற்கு மட்டும்தான்.
'தளர்ந்துபோயிற்று' என்றார்,
தூரத்து உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.
ஆகவே தினமும் ஆசோர்டா:
காய்ந்த ரொட்டி, பூண்டு, கொத்தமல்லி, மேலே வெந்நீர்.
'முட்டை?'
'போடுவதுண்டு.'
குளிர்பெட்டியில் ஆறு முட்டை.
ஆறின் ஓட்டிலும் மே மாதத்துத் தேதி.

நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர்
கொஞ்சம் கோபமாகச் சொன்னார்:
'வாய்ப்பேச்சை எதற்கு எழுதுகிறீர்கள்?
ஒரு வீட்டிலும் நான் கேட்டு எழுதியதில்லை.
வெளியே பெட்டி இருக்கிறது.'

பெட்டிக் கதவின் உட்புறத்தில் பென்சில்,
சாய்வான கையெழுத்து, மாதாமாதம்:
பிப்ரவரி 3.1
மார்ச் 2.2
ஏப்ரல் 1.7
மே 1.2
ஜூன் 0.8
கனமீட்டர்.
குடிப்பது, குளிப்பது, துவைப்பது,
கழிப்பறையில் ஊற்றுவது எல்லாம் சேர்த்து.

'மார்ச்சில் என்ன?'
'பதினோரு படி.'
கழிப்பறை மாடியில்.
ஏழாவது படியில் விழுந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து கணக்கு எளிது:
உள்ளே வராதது
வெளியே போகக் கேட்காது.

தாகமே எடுப்பதில்லை என்றும் சொன்னார்.
அது பொய்யில்லை. அந்த மணி
வயதானால் சன்னமாகத்தான் அடிக்கும்.

'அப்போதெல்லாம், எண் இப்படி இறங்கும் வீட்டில்
சீட்டைச் செருகிவிட்டுப் போகமாட்டேன்.
கதவைத் தட்டுவேன்.'
'தட்டினால்?'
'சில வீட்டில் திறந்தார்கள்.'

எழுதினேன்: ரத்தப் பரிசோதனை, நாளை காலை.
கீழ்த்தளத்துக்குக் கமோடு நாற்காலி, அவசரம்.
பல் மருத்துவர். புது முட்டை.
'நிறையத் தண்ணீர் குடிக்க அறிவுறுத்தப்பட்டது'
என்ற கட்டத்தில் டிக் போடவில்லை.

பிறகு, அவர் கேட்டுக்கொண்டபடி,
வெயிலில், பெட்டியருகே போய் நின்றேன்.
உள்ளே குழாய் திறந்தது.

'சிவப்பு முள் நகர்கிறதா?'
'நகர்கிறது.'
குழாய் மூடியது. வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு தம்ளர் மேசையில் உட்காரும் ஓசை.
'இருநூறு' என்றேன்.

'நூற்றெண்பது' என்றார் உள்ளிருந்து.
'கூட்டி எழுதாதீர்கள்.'