மூக்கு உயரம்

இந்த மோட்டார் வாங்கும் வரை
எங்கள் படகின் ட்ரிம் நான்தான்.

"முன்னால போ" என்பாள் அக்ராஃபீனா. போவேன்.
"பின்னால வா." வருவேன்.
நூற்றுப் பத்து கிலோ, முதுகுவலி தனி,
தட்டில் வைத்த உருளைக்கிழங்காய்
குஸ்கோக்விம் ஆற்றில் பதினொரு கோடை உருண்டேன்.
பழைய மோட்டாரில் ஐந்து துளை, ஓர் ஊசி.
கரையோரம் நிறுத்தி, முழங்கால் குளிரில் நின்று,
ஊசியை உருவி அடுத்த துளையில் செருகினால்தான்
கோணம் மாறும்.
யார் இறங்குவது?
உருள்வதே சுலபம்.

இப்போது அவள் கட்டைவிரலடியில் ஒரு பொத்தான்.
மேல்பாதியைத் தொட்டால் நீலக் கம்பி விழிக்கும்,
கீழ்ப்பாதிக்குப் பச்சை.
பெத்தல் கடையில் எஃபிம்
அட்டைப்பெட்டியின் முதுகில் வரைந்து காட்டினான்:
இரண்டு பக்கமும் சுழலும் குட்டி மின்மோட்டார்,
அது தள்ளும் எண்ணெய்,
எண்ணெய் தள்ளும் குட்டைத் தண்டுகள் இரண்டு.
அவை பல்லைக் கடித்துக்கொண்டு
அத்தனை பெரிய அவுட்போர்டைப் பின்பலகையிலிருந்து
விரற்கடை விரற்கடையாய் விலக்கும்.
நீளமாய் மூன்றாவது தண்டு,
மணல்திட்டு வந்தால் மொத்தமாய்த் தூக்க.
"நாற்காலியைப் பின்னால சாய்ப்பது மாதிரி, அவ்வளவுதான்" என்றான்.
விலை சொன்னான். நான் சாய்ந்தேன்.

கிளம்பும்போது உள்ளே மடக்க வேண்டும்.
விசிறியின் உதையில் பின்புறம் எழும், மூக்கு தணியும்,
படகு தான் எழுப்பிய அலைமேட்டில்
தானே ஏறித் தாண்டும்.
தாண்டியதும் வெளியே. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
மூக்கு நிமிர, நனைந்த வயிறு குறைய,
அதே பெட்ரோலில் கரை வேகமாய்ப் பின்னால் ஓடும்.
எதுவரை?
சுக்கான் கைக்கு இலேசாகும் வரை.
மீறினால்
மூக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடத் தொடங்கும்,
தொப்பு தொப்பென்று.
அதையும் மீறினால்
விசிறி காற்றை விழுங்கி ஓலமிடும்,
சத்தம் மட்டும் முன்னேறும்.

அக்ராஃபீனா இதையெல்லாம் காதால் பார்ப்பாள்.
விரலால் ஒரு தட்டு.
ங்ஙீ என்று எண்ணெய் முனகும்.
நான் நடுப்பலகையில் தேநீர் குடித்தேன்
மூன்று கோடை.
ஒருமுறைகூட அவள் என்னைத் திரும்பிப் பார்க்க
வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பரில், ஆக்கியாக்கிலிருக்கும் அவள் தங்கைக்கு
ஒரு வாஷிங் மெஷின். முன்தட்டில் கட்டினோம்.
இரண்டாம் வளைவில்
உள்ளே மடங்கிய மோட்டார் மடங்கியபடியே நின்றது.
பொத்தானுக்கு ஒரு 'டிக்'கூட இல்லை.
மூக்கு ஆற்றை உழுதது.
பழுப்பு நீர் எகிறி
மெஷினின் கண்ணாடிக் கதவைத் தட்டியது.
சுக்கானை இரு கையாலும் பிடித்தபடி
திரும்பினாள்.
"பின்னால வா!"

மணல்திட்டில் ஒதுங்கி மூடியைக் கழற்றினோம்.
ஈறில் அருகருகே இரண்டு பல் போல
இரண்டு ரிலே, ஒரே அச்சு.
நீலத்தினுடையது செத்திருந்தது.
பச்சையினுடையதைப் பிடுங்கி அதன் இடத்தில் நட்டாள்.
ங்ஙீ.

இனி ஏறும். இறங்காது.
பக்கத்துத் துளையில் ஒரு திருகு உண்டு,
தளர்த்தினால் இறங்கும், ஆனால் அடிவரை இறங்கிவிடும்;
இருட்டிக்கொண்டு வந்தது.
ஏறிய மகிழ்ச்சியில் விரலை எடுக்க மறந்துவிட்டாள் போல,
நாலே நிமிடத்தில் மூக்கு
ஆமாம், ஆமாம், ஆமாம்.

"முன்னால போ."

போக முன்தட்டில் இடமேது.
மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தேன்,
கால் இரண்டையும் அதன் கதவின் மேல் தொங்கவிட்டு.
ஆற்றின் நடுவில், முகத்தில் குளிர் அறைய.
மூக்கு அடங்கியது.
எதிரே போன படகில் ஒரு பையன்
கையசைக்கலாமா என்று யோசித்துவிட்டு அசைத்தான்.
"கொஞ்சம் இடது" என்றாள் பின்னாலிருந்து.
நகர்ந்தேன்.
"அங்கேயே இரு."

எஃபிமிடம் புது ரிலே பதினெட்டு டாலர்.
அதன்பின் மூன்று தடவை பெத்தல் போய் வந்தாயிற்று.
வாங்க மறந்தது யார் என்று
அவளும் கேட்கவில்லை,
நானும்.